எட்டு மணி மிஸ்டு கால்

தறிக்கார அக்கா சிவப்புச் சேலை கட்டிக்கொண்டுதான் ஈரோடு ரயில் நிலையத்துக்கு வருவார். வீட்டில் மேல்மருவத்தூர் போவதாகச் சொல்லியிருந்தார். டெய்லர் அண்ணன் துணி எடுக்கப் போகிறவர். நான் சென்னையில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறவள். எனக்குச் சென்னையில் பெரியம்மாவே கிடையாது. ரிக் தம்பி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவன் மாதக்கணக்கில் ஊரில் இல்லாமல் போவது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு செய்தியே அல்ல.

2004. ஏற்காடு எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டி. சங்ககிரி தாண்டும்வரை ஆளுக்கொரு மூலையில், யாரோ எவரோ என்று உட்கார்ந்திருப்போம். சேலத்தில் எங்கள் ஐந்தாவது ஆள் ஏறுவார். அவர் திருநங்கை, எங்களுக்குச் சேலத்து அக்கா. அவருக்கு மறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதால் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி, "எங்க இருக்கீங்க எல்லாம்?" என்று கத்திக்கொண்டேதான் வருவார். அதற்குப் பிறகு ஒளிந்து என்ன பயன்? ஒன்றாகக் கூடிவிடுவோம். தறிக்கார அக்கா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்.

விடியும் முன்பே சென்ட்ரல். சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து டி.பி. நோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். எங்களைப் பொறுத்தவரை அது மாத்திரை கிடைக்கிற இடம். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-இல். முதலில் தொடங்கிய ஒரு சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முன்னால் எங்கள் ஊர் மருந்துக்கடையில் ரகசியமாக விலை கேட்டேன். ஒரு மாத மாத்திரை என் ஒரு மாதக் கூலியைவிட அதிகம். சிப்லா நிறுவனம் 2001-இலேயே, வெளிநாட்டில் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகத்தையே புரட்டிப்போட்டிருந்தது. நாளுக்கு ஒரு டாலர். அந்த ஒரு டாலரும் எங்களிடம் இல்லை, அது வேறு விஷயம்.

மேல்மருவத்தூர்க் கதையில் ஒரு சிக்கல் வந்தது. நாலைந்து மாதம் போனதும் பக்கத்து வீட்டுக்காரர்கள், "மாசாமாசம் போற, எங்களுக்குக் குங்குமம் கொண்டாரக் கூடாதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பும்போது சென்ட்ரல் பக்கத்துக் கடையில் குங்குமம் வாங்குவது எங்கள் பயணத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. "ஆத்தா மன்னிச்சுக்குவா" என்பார் அக்கா. அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்கு அந்தக் குங்குமம் வைத்த பிறகு கல்யாணம் கூடி வந்தது என்று வேறு பேச்சு.

எங்களுக்குள் தொழிலும் ஊரும்தான் பெயர். முதல் கூட்டத்திலேயே அப்படி முடிவானது. பிறகு எல்லார் பெயரும் தெரிந்துவிட்டது, ஆனால் வாய்க்குப் பழகியது பழகியதுதான்.

எனக்குத் தெரிய வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்தால் எனக்கே ஆகாது. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப்பிரதேசம் என்று போய்வந்தவர். 2001-இல் இறந்தார். அவர் படுத்திருந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. முடிவை என்னிடம் சொல்வதற்கு முன்பு என் மாமனாரிடம் சொன்னார்கள், அதுவும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவில். கேஸ் அட்டையின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி தொற்றைக் கண்டுபிடித்தது 1986-இல். பதினைந்து வருடம் கழித்தும், ஒருவருடைய ரத்தத்தைப் பரிசோதிக்க அவரைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் யாருக்கும் தோன்றவில்லை. கேட்காமல் எடுத்த அந்த ஊசி எனக்கு இன்னும் ஆறவில்லை. நோய் வந்ததைக்கூட ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த வருடம் அரசு மருத்துவமனையில் ஓர் ஆலோசகர், "உங்களை மாதிரி சில பேர் மாசத்துல ஒரு நாள் சந்திக்கிறாங்க, போய்ப் பாருங்க" என்று ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். மாடியில் ஒரு அறை. ஏழெட்டுப் பேர். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வந்தது. நான் அழுதுகொண்டிருந்ததால் டீயைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த தறிக்கார அக்கா, "ஏஞ்சாமி, ஆறுதுல்ல?" என்று என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "ஆறித்தான் போச்சு" என்று மீதியை என் கையில் கொடுத்தார். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் என் தட்டும் டம்ளரும் திண்ணையில் தனியாகக் கவிழ்ந்திருந்தன. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்குச் செய்தது.

சரி, மாத்திரைக்கு வருகிறேன்.

அப்போது தந்தது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று. ரத்தத்தில் நோயை எதிர்க்கிற சி.டி.4 செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால்தான் தொடங்குவார்கள். எனக்கு 118, அக்காவுக்கு 164. "உனக்குச் செல்லு எத்தன?" என்பதுதான் எங்களுக்குள் சௌக்கியம் விசாரிக்கிற முறை. மாத்திரை தொடங்கினால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தவறினால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்று ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வாழ்கிறவர்கள், தினம் இரண்டு வேளை, நேரம் பிசகாமல் எப்படிச் சாப்பிடுவது?

முதல் பிரச்சினை சத்தம். பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கினால் மாத்திரைகள் கலகலக்கும். டெய்லர் அண்ணன் தன் கடையிலிருந்து பஞ்சு கொண்டுவந்து எல்லார் டப்பாவிலும் அடைத்தார். லேபிளைக் கிழித்துவிட்டு சத்து மாத்திரை என்று எழுதி ஒட்டச் சொன்னது சேலத்து அக்கா. ஆனால் கிழித்த லேபிளைத் தூக்கி எறியாமல் அட்டையோடு பின் குத்தி வைக்க வேண்டும். திடீரென்று வேறு மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் என்ன மாத்திரை என்று தெரிய வேண்டுமல்லவா. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது, நேரம். ஆளாளுக்கு செல்போன் வந்ததும் ஓர் ஏற்பாடு செய்தோம். காலை எட்டு, இரவு எட்டு. மாத்திரை போட்டதும் உன் ஜோடிக்கு ஒரு மிஸ்டு கால். ஒரு ரிங், கட். அவர் போட்டதும் அங்கிருந்து ஒரு ரிங், கட். காசும் செலவில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் எதுவும் புரியாது. எனக்கு ஜோடி தறிக்கார அக்கா. டெய்லர் அண்ணனுக்கு ஜோடி ரிக் தம்பி. சேலத்து அக்கா எல்லாருக்கும் கொடுப்பார், யாருக்காவது பதில் வராவிட்டால் நிஜமாகவே போன் செய்து திட்டுவார். எட்டரைக்கும் ரிங் வரவில்லை என்றால் ஜோடி கேட்க வேண்டும், மறுநாளும் வரவில்லை என்றால் நேரில் போக வேண்டும் என்பது ஏற்பாடு. புதிதாகக் குழு தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பதிவு, வங்கிக் கணக்கு, லெட்டர்பேட் எல்லாம் பிறகு. முதலில் யாருக்கு யார் ஜோடி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பயணச் செலவுக்கு ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய் சீட்டு. சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புக்குப் பாதிக் கட்டணச் சலுகை இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்கான படிவத்தில் நோயின் பெயர் இருக்கும். ஈரோடு கவுண்டரில், பின்னால் நம் ஊர்க்காரன் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டே அதை யார் நீட்டுவது? சலுகையே வேண்டாம் என்று முழு டிக்கெட் எடுத்தோம். சேலத்து அக்காவுக்கு இது தெரிந்தபோது வந்த கோபம்! எல்லார் படிவத்தையும் வாங்கிக்கொண்டு போய், சேலம் கவுண்டரில் கொத்தாக நீட்டி, உள்ளே இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்ததும், "ஆமா சார், அதேதான், டிக்கெட்டக் குடுங்க" என்றாராம். அதிலிருந்து எங்களுக்கு ரயில் செலவு பாதியானது. உரிமை காகிதத்தில் இருந்தும் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் அதை வாங்கும் தைரியம் இருந்தது. அந்த ஒருவர் எங்களோடு இல்லாமல் போயிருந்தால் இன்னும் முழு டிக்கெட்தான்.

இப்போது தம்பி கதை. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுது, ஆனா என்னைய நல்லவனாக் காட்டாத" என்றான்.

2007-இல் அவன் மாத்திரையை நிறுத்தினான். ஸ்டாவுடின் பலருக்குக் கன்னத்தை ஒட்டவைத்துவிடும், காலில் எரிச்சல் வரும். (பின்னாளில் அந்த மருந்தையே விலக்கிவிட்டார்கள்.) தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான். கன்னம் குழிவிழுந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்? யாரோ ஒருவர் பக்கத்து மாநிலத்தில் ஒரு வைத்தியரைக் காட்டிவிட்டார். முழுசாகக் குணமாக்குவேன் என்றார் வைத்தியர். ஆங்கில மருந்தை நிறுத்தினால்தான் இந்த மருந்து பிடிக்கும் என்று நிபந்தனை. மாதம் நாலாயிரம்.

எங்கள் குழுவில் சித்த மருத்துவத்தின் மேல் யாருக்கும் வெறுப்பு கிடையாது. கூட்டு மருந்து வருவதற்கு முந்திய காலத்தில், தாம்பரத்திலேயே டாக்டர் தெய்வநாயகம் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் கொடுத்தார். அதைச் சாப்பிட்டவர்களில் ஒருவர்தான் டெய்லர் அண்ணன். பசி எடுத்தது, எடை ஏறியது, கைவிட்டுவிடாமல் ஒருவர் வைத்தியம் பார்த்தாரே என்ற தெம்பு இருந்தது என்பார். ஆனால் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி மறுபடி மிஷினில் உட்காரவைத்தது கூட்டு மருந்துதான் என்பதையும் அவரேதான் சொல்வார்.

கூட்டத்தில் பெரிய சண்டை. டெய்லர் அண்ணன், "இவன விடக் கூடாது, பிடிச்சு வெச்சாவது குடுக்கணும்" என்றார். சேலத்து அக்கா எழுந்துவிட்டார். "என் உடம்ப என்ன பண்றதுன்னு என் அப்பன் முடிவு பண்ணுனான், போலீஸ் முடிவு பண்ணுச்சு, டாக்டரு முடிவு பண்ணுனாரு. இப்ப நாமளும் ஆரம்பிச்சிட்டமா?" என்றார். எனக்கு இரண்டு பேர் பேச்சும் சரியாகப் பட்டது. கேட்காமல் ரத்தம் எடுத்ததை மறக்காதவள் நான். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அது அவன் உடம்பு. ஆனால் அந்த வைத்தியர் அவனிடம் சொன்னது பொய். குணமாகும் என்று நம்பி எடுத்த முடிவை அவன் முடிவு என்று எப்படிச் சொல்வது? எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பது மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. அப்படிச் சொல்லக் கூடாத நோய்களின் பட்டியலான ஜே அட்டவணையில் முதல் பெயரே எய்ட்ஸ்தான். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அவனோடு சண்டை போடாமல் அந்த வைத்தியர் மேல் புகார் எழுதியிருப்போம். அப்போது எங்களில் யாருக்கும் இது தெரியாது. எனவே சண்டை எங்களுக்குள்ளேயே நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். டெய்லர் அண்ணன் தம்பியின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். அம்மா சொன்னால் கேட்பான் என்று நினைத்தார். அந்த அம்மாவுக்கு அதுவரை மகனுக்கு என்ன நோய் என்றே தெரியாது. ஒரு வாரத்தில் அவனுடைய அக்காவுக்குத் தெரிந்தது, அந்த அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்தது, ரிக் முதலாளிக்குத் தெரிந்தது. வேலை போனது. தம்பி ஊரைவிட்டுப் போனான். போவதற்கு முன் என்னிடம் வந்து, "ஆஸ்பத்திரி வராந்தாவுல உனக்குச் செஞ்சாங்கன்னு சொன்னியே, அதத்தான் இந்த ஆளு எனக்குச் செஞ்சாரு" என்றான். என்னிடம் பதில் இல்லை.

ஏழு மாதம் கழித்து 2008-இல் திரும்பி வந்தான். சி.டி.4 நாற்பத்தொன்று, கூடவே டி.பி. மூன்று மருந்தையும் ஒரே நாளில் நிறுத்தினால் மற்ற இரண்டும் சீக்கிரம் ரத்தத்திலிருந்து போய்விடும், நெவிராபின் மட்டும் நாட்கணக்கில் தங்கும், தனியாக இருக்கும் அந்த ஒரு மருந்தை வைரஸ் சுலபமாக ஜெயிக்கக் கற்றுக்கொள்ளும் என்று பிறகு ஒரு மருத்துவர் படம் வரைந்து காட்டினார். அவனுக்குப் பழைய மாத்திரை வேலை செய்யவில்லை. அதே வருடம்தான் தாம்பரத்தில் இரண்டாம் வரிசை மருந்து தொடங்கியிருந்தது. டி.பி.க்குச் சிகிச்சை முடித்து, அதற்கு மாறி, பிழைத்தான். முறை போட்டுக்கொண்டு நாங்கள்தான் வார்டில் இருந்தோம். டெய்லர் அண்ணன் முறை வரும் நாட்களில் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். அண்ணன் கஞ்சியை வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு. ஒருவருடைய சேதி அவருடையது. அவரைக் காப்பாற்றுவதற்காகக்கூட அவரைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. யாராவது மாத்திரையை நிறுத்தினால் ஜோடி போய்ப் பார்க்க வேண்டும், ஏன் என்று கேட்க வேண்டும், பக்கவிளைவா, பணமா, பயமா என்று தெரிந்துகொள்ள வேண்டும், மருத்துவரிடம் கூடவே போய் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். அதற்கு மேலும் வேண்டாம் என்றால் வாரம் ஒருமுறை சும்மா போய் டீ குடித்துவிட்டு வர வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளும்படி மட்டும் செய்துவிடக் கூடாது. தம்பியிடம் நாங்கள் இதைச் செய்திருந்தால் ஏழு மாதம் ஏழு வாரமாகியிருக்கலாம்.

பணம் வந்த கதையும் உண்டு. நாமக்கல்லிலிருந்து போன கௌசல்யா சென்னையில் 1998-இல் எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் நெட்வொர்க்கைத் தொடங்கியது எங்களுக்கெல்லாம் பெரிய முன்மாதிரி. அதற்கு முந்தைய வருடமே அகில இந்திய அளவிலான நெட்வொர்க் சென்னையில் தொடங்கியிருந்தது. அந்தச் சூட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் குழுக்கள் வந்தன, பிறகு திட்டங்கள் வந்தன, திட்டத்தோடு சம்பளம் வந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கு ஒருங்கிணைப்பாளர் சம்பளம், மற்றவர்கள் தன்னார்வலர்கள் என்றால் என்ன ஆகும்? அந்த ஒருவர் நான்தான். தறிக்கார அக்கா ஒரு நாள், "உனக்கு ஆபீசு, எனக்குத் தறி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. வரவு செலவை எழுதி அறைச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தோம். சென்னைக் கூட்டங்களுக்கு முறை வைத்துப் போனோம், பேசத் தெரிந்தவர் மட்டுமே போவது என்பதை நிறுத்தினோம். பயணப்படி ரசீதுகளைச் சங்கத்தில் எல்லார் முன்னாலும் பிரித்தோம். இதெல்லாம் செய்தும் ஒரு நாலைந்து பேர் பிரிந்து போனார்கள். போகட்டும். ஆனால் அவர்களுடைய மிஸ்டு காலை நிறுத்தவில்லை.

முறை வைத்து அனுப்பியதில் ஒரு லாபம், காப்புரிமைக் கூட்டத்துக்குத் தறிக்கார அக்கா போனது. நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த நேரம். புற்றுநோய் மருந்துக்கும் நமக்கும் என்ன என்று நாங்கள் கேட்டோம். கூட்டம் முடிந்து வந்த அக்கா சொன்னார்: "பழைய சீலைதான். பார்டர்ல கோட்ட மட்டும் கொஞ்சம் நகத்திப் போட்டுட்டு இது புதுச் சீலை, இன்னும் இருவது வருசத்துக்கு எந்தத் தறியிலயும் வேற ஆளு ஓட்டக் கூடாதுங்கறான். அப்படியெல்லாம் சொல்ல முடியாதுன்னு நம்ம சட்டத்துல ஒரு வரி இருக்குது. அந்த வரியத்தான் எடுக்கச் சொல்றான். எடுத்தா நாளைக்கு நம்ம மாத்திரைக்கும் இதேதான்." இதைவிடத் தெளிவாக நான் எந்த வக்கீலிடமும் கேட்டதில்லை. 2007 ஆகஸ்ட் 6-இல் உயர்நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் அந்த மருந்துக்குக் காப்புரிமை இல்லை என்றது. எங்களுக்கு மாத்திரை தொடங்கியதும் ஒரு ஏப்ரல் 1 என்பதால், அக்கா அன்றைக்குக் கேசரி கிண்டினார். முட்டாள்கள் தினம் என்று ஊர் சொல்லும், எங்களுக்கு அது தீபாவளி.

சின்னச் சண்டைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதில் கற்றது அதிகம். எங்கள் சங்கத்துப் பெண் ஒருத்தி நிறைமாதம். வலி வந்து போன மருத்துவமனையில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நாங்கள் நான்கு பேர் போனோம். ஒருவர் அந்தப் பெண்ணோடு, கையைப் பிடித்துக்கொண்டு. ஒருவர் பேச. ஒருவர் நேரத்தையும் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் நோட்டில் எழுத. ஒருவர் போனோடு வெளியே. சத்தம் போடுவதில்லை என்பது ஏற்பாடு, சத்தம் போட்டால் அவளுடைய நோய் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். பேசுகிறவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "எதுக்காகப் பார்க்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க, நாங்க போயிடறோம்." எழுதித் தர யாரும் முன்வரவில்லை. அரைமணி நேரத்தில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். குழந்தைக்குத் தொற்றாமல் இருக்கச் சொட்டு மருந்து கொடுத்து, பதினெட்டாவது மாதத்தில் பரிசோதித்தபோது தொற்று இல்லை. பையன் இப்போது கில்லி விளையாடி எங்கள் சங்க அறை ஜன்னலை உடைக்கிறான்.

இன்றைக்கென்றால் எங்கள் கையில் சட்டம் இருக்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது. நிலையை வெளியே சொல்லக் கூடாது. சிகிச்சை, வேலை, வாடகை வீடு எதையும் இதைக் காட்டி மறுக்கக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். மாநிலத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் புகார் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவை நீட்டினால் நாலு பேர் படிப்பார்கள். யார் பெயரில் மனு என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவில் தொற்று இல்லாத ஒரு நண்பர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபால்காரர். மருந்து இருப்புப் பற்றிய தகவல் உரிமை மனுக்கள் எல்லாம் அவர் பெயரில்தான் போகும். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் நாற்பத்தெட்டு மணி நேரம். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகரக் கூடாது என்பது தபால்காரர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

சொற்களுக்கும் சண்டை போட்டோம். எய்ட்ஸ் நோயாளி என்றார்கள், பாதிக்கப்பட்டோர் என்றார்கள். 1983-இலேயே அமெரிக்காவில் டென்வர் நகரில் கூடியவர்கள் எங்களைப் பலியானவர்கள் என்று கூப்பிடாதீர்கள் என்று அறிக்கை விட்டிருக்கிறார்கள் என்று ஒரு பயிற்சியில் கேட்டபோது, இருபது வருடம் முன்னாலேயே யாரோ நம்மைப் போலவே எரிச்சல் பட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தது. எச்.ஐ.வி உள்ளோர் என்று எழுதச் சொன்னோம். சேலத்து அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "எனக்குள்ள எச்.ஐ.வி மட்டுமா இருக்கு? சர்க்கரையும் இருக்கு, கோவமும் இருக்கு" என்பார்.

சேலத்து அக்கா 2014-இல் போய்விட்டார். சிறுநீரகம். அவர் வீட்டார் யாரும் வரவில்லை. அவர் கூட்டத்துத் திருநங்கைகளும் நாங்களும்தான் எடுத்தோம். ஆரம்ப காலத்தில் எங்களில் ஒருவர் இறந்தால் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுப்பார்கள், தொட ஆளிருக்காது. குளிப்பாட்டி, புதுத்துணி கட்டி, பூப்போட்டு அனுப்புவதை நாங்களே கற்றுக்கொண்டோம். அக்காவுக்குத் தறிக்கார அக்கா தன் மேல்மருவத்தூர்ச் சிவப்புச் சேலையைக் கட்டிவிட்டார்.

இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ராத்திரி ஒரே ஒரு மாத்திரை. கன்னம் ஒட்டுவதில்லை. சி.டி.4 குறையும்வரை காத்திருக்க வேண்டாம், தெரிந்த உடனே தொடங்கிவிடுகிறார்கள். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்பதால் கல்யாணம், குழந்தை என்று இருக்கிறார்கள். மாவட்டத்திலேயே மையம் வந்துவிட்டது. நாமக்கல்லுக்கு 2013-இல் ரயில்கூட வந்துவிட்டது, எங்களுக்குத்தான் அதில் ஏற அவசியமில்லை. இவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று என் வயதுக்காரர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பாதி வருத்தம்தான். கூட்டம் இல்லாமலேயே வாழ முடிகிறது என்றால் நல்லதுதானே. மீதிப் பாதி வருத்தம், மருந்துக்குத் தட்டுப்பாடு வருகிற மாதத்தில் வரும். 2022-இல் தில்லியில் எங்களைப் போன்றவர்கள் மருந்துக்காக ஒரு மாதத்துக்கும் மேல் அரசு அலுவலக வாசலில் உட்கார வேண்டி வந்தது. அப்போது வாட்ஸாப்பில் கைகூப்பும் படம் போட்டவர்கள் நிறையப் பேர். டப்பாவில் இருந்த தன் பதினைந்து மாத்திரையில் ஏழு எண்ணி அடுத்தவருக்குக் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள் (மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அது சரிதான், ஆளுக்கு ஆள் மருந்து வேறு; ஆனால் எங்களுக்கு அப்போது எல்லாருக்கும் ஒரே மாத்திரை). அந்தப் பழக்கம் போனில் வருமா என்று தெரியவில்லை.

தம்பி டெய்லர் அண்ணனோடு பேசவில்லை. ஒரே கூட்டத்துக்கு வருவான், எதிர்மூலையில் உட்காருவான். ஆனால் இரவு எட்டு மணிக்கு அண்ணன் அவனுக்கு ரிங் கொடுத்துக் கட் செய்வார். 2008-இல் அவன் வார்டிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. தம்பியிடமிருந்து பதில் ரிங் வராது. அண்ணனும் அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டார்.

மூன்று வருடம் முன்பு ஒரு ராத்திரி, எட்டே முக்கால் இருக்கும், தம்பி எனக்குப் போன் செய்தான்.

"யக்கா, அந்த ஆளு போன்ல எதாச்சும் பிரச்சினையா?"

"எந்த ஆளு?"

"என்னக்கா நீ."

நான் மருமகனின் வண்டியில் அண்ணன் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே அண்ணன் உட்கார்ந்து, போனைப் பிரித்து பேட்டரியை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரிக்கு வைத்திருந்த தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டதாம்.

"தம்பி கேட்டான்" என்றேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி என் போனை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தம்பி எண்ணை மனப்பாடமாக அழுத்தினார். ஒரு ரிங், கட்.

உடனே அது திரும்ப அடித்தது. நிற்காமல் அடித்தது. "நீயே எடும்மா" என்று என் பக்கம் தள்ளினார்.

"பாத்தியாக்கா?" என்றான் தம்பி.

"வாளியில விழுந்துருச்சாம்."

"மாத்திரை போட்டாரான்னு கேளு" என்றான்.

கேட்டேன்.